அயற்கூற்றில் வினைக்காலம் ஏன் பின்னோக்கிச் செல்கிறது?

‘காத்திருக்கிறேன் என்றார்’ எனத் தமிழில் நிகழ்காலம் அப்படியே நிற்கும்போது, ஆங்கில அயற்கூற்றில் மட்டும் காலம் மாறுவது ஏன் என்று கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்.

தமிழின் ‘என்று’ பேசியவரின் சொற்களை அவருடைய காலத்தோடே ஏந்தி வருகிறது. ஆங்கிலமோ அறிவிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து காலத்தை அளக்கிறது. போச்சம்பள்ளிச் சந்தையில் நின்ற ஒருவர் ‘ஐ ஆம் வெயிட்டிங்’ என்று சொன்னதை மறுநாள் தருமபுரியில் நீங்கள் எடுத்துரைத்தால், அந்தக் காத்திருப்பு உங்களுக்கு இறந்தகாலம் என்பதால் ‘ஹி செட் ஹி வாஸ் வெயிட்டிங்’ என்றாகிறது. இவ்வாறே ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். சாதாரண இறந்தகாலம் பெரும்பாலும் ‘ஹேட்’ சேர்ந்து இன்னும் ஒரு படி பின்னே போகும். ஏற்கெனவே ‘ஹேட்’ உள்ள வினைக்கு அதற்குமேல் பின்செல்ல இடமில்லை.

பள்ளியில் இதை வெறும் மாற்று அட்டவணையாக மனப்பாடம் செய்விப்பதால், மாற்றத் தேவையில்லாத இடத்திலும் மாணவர்கள் மாற்றிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். அறிவிக்கும் வினை ‘செஸ்’ என நிகழ்காலத்தில் இருந்தால் உள்ளே உள்ள காலம் மாறாது. சொல்லப்பட்ட செய்தி இன்றும் உண்மையாக இருந்தால், ‘ஷி செட் ஒகேனக்கல் இஸ் ஆன் த காவேரி’ என்று ‘இஸ்’ஸை அப்படியே விடலாம், ‘வாஸ்’ என்று எழுதினாலும் பிழையில்லை, ஏனெனில் அந்த ‘வாஸ்’ ஒகேனக்கல் இடம்மாறிவிட்டதாகச் சொல்லவில்லை, ‘செட்’ என்பதன் காலத்தோடு இசைந்து நிற்கிறது, அவ்வளவுதான்.