ஃப்ரீசரில் ஐஸ் கட்டுகிறது, கீழே பால் திரிகிறது: கேஸ் நிரப்பலாமா?

கேள்வி: எங்கள் டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில், மேலே ஐஸ் நன்றாகக் கட்டுகிறது. கீழே வைக்கும் பால் மறுநாளே திரிந்துவிடுகிறது, இட்லி மாவு புளித்துப் பொங்குகிறது. கேஸ் நிரப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். நிரப்பலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கேஸ் குறைந்தால் ஃப்ரீசரும் சேர்ந்தே தளரும், ஐஸ்கிரீம் குழையும். உங்களுக்கு அப்படி இல்லையே.

குழாய்க்குள் ஓடும் கேஸ், ஃப்ரீசரின் பின்சுவருக்குள் இருக்கும் காயிலில் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி வெளிப்பக்கக் குழாய்களுக்கு அனுப்ப, அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. ஃபிரிட்ஜின் பக்கவாட்டைத் தொட்டால் சுடுவது இதனால்தான். வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி இந்த கேஸ் தீராது. எங்காவது கசிந்தால்தான் குறையும்.

இந்த வகையில் பெரும்பாலும் காயில் ஒன்றுதான். கீழ்ப்பகுதிக்குத் தனிக் குளிர் கிடையாது. ஒரு சின்ன ஃபேன் மேலிருந்து தள்ளும் காற்றுதான். அந்தக் காற்றிலுள்ள ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதை அவ்வப்போது உருக்க ஒரு ஹீட்டர் உண்டு. அது பழுதானால் பனி இறுகிக் காயிலை மூடிவிடும், கீழே காற்று வராது. முதலில் கெடுவது பாலும் மாவும்தான். உங்கள் வீட்டில் நடப்பது அநேகமாக இதுதான்.

ஃப்ரீசரின் பின்சுவரில் பனி படர்ந்திருக்கிறதா, ஃபேன் உரசும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கீழே காற்று வரும் துவாரத்தைப் பாத்திரம் எதுவும் அடைத்திருக்கக் கூடாது. அப்புறம், சாமான்களை எடுத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடியில் பழைய துணி போடுங்கள், தண்ணீர் வரும். கத்தியால் பனியைக் குத்தவே கூடாது. காயில் ஓட்டையானால் செலவு பெரிது. புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ கேஸ் தீப்பிடிக்கக் கூடியதும்கூட.

மறுபடி போட்டதும் கீழே நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடியும் கீழே குளிர் குறைந்தால் ஹீட்டர், சென்சார், தெர்மல் ஃப்யூஸ் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். குளிரவே இல்லையென்றால் ஃபேனையும் காற்றுவழியையும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் கேஸ்தான் என்றால், கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதுவும் போய்விடும்.

சரியானதா என்று தெரிய, நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை இரவு முழுக்க வையுங்கள். காலையில் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காட்டினால் பாலை தைரியமாக வைக்கலாம்.