பல்லைக் கிளீன் செய்தால் பல் ஆடிவிடுமா?

ஸ்கேலிங், அதாவது பல் மருத்துவர் கருவியால் பல்லைக் கிளீன் செய்வது, அதைச் செய்தால் பல் தேயும், ஆடும், இடைவெளி விழும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது.

கண்ணாடி முன் நின்று கீழ் முன்பற்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சளாக, சொரசொரப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அதுதான் காரை. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. உமிழ்நீரில் உள்ள கால்சியம் பல்லில் படியும் அழுக்கோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் பிரஷ்ஷுக்கு அது அசையாது.

இந்தக் காரை ஈறுக்கு அடியில் இறங்கினால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வலியே இருக்காது, அதுதான் வம்பு. எலும்பு போன பல்லைச் சுற்றி காரை சிமெண்ட் மாதிரி நிற்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. பழி ஸ்கேலிங் மேல் விழுகிறது! இடைவெளியும் அப்படித்தான்: காரை அடைத்திருந்த இடம், வீங்கிய ஈறு வற்றிய இடம்.

கருவி பல்லைச் சுரண்டுவதில்லை. நுண்ணிய அதிர்வால் காரையை உடைக்கிறது, கூடவே தண்ணீர் பீய்ச்சும். பல்லின் மேலுறையான எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள், சரியாகச் செய்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

ஸ்கேலிங்குக்குப் பிறகு சில நாள் பல் கூச்சம் இருக்கலாம். கூச்சத்துக்கான பேஸ்ட் போதும். ஒரு வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இருந்தால் அடிக்கடி தேவைப்படும்.