வளைகோட்டை அறுப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மர வேலை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். போன வருடம் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு ஆசாரி வந்தால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவர் அறுப்பதையும் இழைப்பதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். "பொம்பளைப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை" என்று எழுப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஆசை போகவே இல்லை. இப்போது சேமிப்பிலிருந்து 16 அங்குல ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைகோடுகளை அறுக்கும் இயந்திரம்) ஒன்றை வாங்கி, பால்கனியில் வைத்திருக்கிறேன்.

ஆனால் பிளேடு கோட்டில் நிற்கவே மாட்டேன் என்கிறது. நேராகத் தள்ளினாலும் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. அடிக்கடி உடைகிறது. தேக்கில் அறுத்தால் ஓரம் கருகுகிறது. ஒரு மயில் செய்யலாம் என்று ஆரம்பித்து, கழுத்து வளைவைத் தாண்டவே முடியவில்லை. கீழ் வீட்டுக்காரர் வேறு சத்தம் அதிகம் என்கிறார். இதையெல்லாம் பார்த்த என் மகன், "லேசர் கட்டிங் கடையில் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் வெட்டித் தருவான், ஏம்மா கஷ்டப்படுற?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதில் நேரம் செலவழிப்பது சரிதானா?

வி., மதுரை

*

அன்புள்ள வி. அவர்களுக்கு,

மகனின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பிளேடு சிக்கல் தீர்ந்தாலும் அந்தக் கேள்வி உங்களை விடாது.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்.பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒரே மாதிரி ஐம்பது பெயர்ப்பலகை வேண்டுமென்றால் லேசர் கடைக்குத்தான் போக வேண்டும். அதை உட்கார்ந்து அறுப்பது வீண் வேலை. ஆனால் லேசர் மரத்தை எரித்துத்தான் வெட்டுகிறது. பலகை தடிக்கத் தடிக்க ஓரம் கருகுவதும் கூடிக்கொண்டே போகும். முக்கால் அங்குலத் தேக்குப் பலகையை நம் ஊர்ப் பெயர்ப்பலகைக் கடையில் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் முடியாது என்றுதான் சொல்வார்கள். உங்கள் பால்கனியில் இருக்கும் இயந்திரம் அதை அறுக்கும். கொஞ்சம் பழகியபின் 2 அங்குலக் கட்டையைக்கூட அறுக்கும். அறுத்த முகம் மரத்தின் நிறத்திலேயே, உப்புத்தாள் போடத் தேவையில்லாத அளவுக்கு வழவழப்பாக இருக்கும்.

ஆனால் லேசரைவிட இது உசத்தி என்று மகனிடம் நிரூபிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. உங்கள் கடிதத்தையே திரும்பப் படியுங்கள். ஆசாரி செய்து முடித்த கதவைப் பற்றியோ கட்டிலைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் அறுத்ததையும் இழைத்ததையும் பார்த்ததாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்த வேலை. கடையில் கொடுத்தால் அதைத்தான் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிறீர்கள், காசும் கொடுத்து. இதை மகனிடம் இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

சரி, பிளேடுக்கு வருவோம்.

வலது பக்கம் இழுப்பது உங்கள் கையின் குறை இல்லை. பெரும்பாலான ஸ்க்ரோல் சா பிளேடுகளைத் தயாரிக்கும் இடத்தில் பல் வெட்டி எடுக்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிக்கும், வெட்டும் அந்தப் பக்கமே சாயும். புது பிளேடு மாட்டியதும் ஒரு கழிவுத் துண்டில் பென்சிலால் நேர்கோடு போடுங்கள். பிளேடு கோட்டிலேயே போகும்படி பலகையைத் திருப்பிக் கொடுத்து அறுங்கள். நாலு அங்குலம் போனதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள்: பலகை இயந்திரத்துக்கு நேராக இருக்காது, சில டிகிரி கோணலாக நிற்கும். அந்தக் கோணல்தான் அந்த பிளேடுக்கு நேர். இனி உங்கள் நாற்காலியை அதற்கு ஏற்றபடி கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், முதுகும் வலிக்காது. ஒவ்வொரு ரக பிளேடுக்கும் இது மாறும் என்பதால் அந்தக் கழிவுத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

உடைவதும் கருகுவதும் பல சமயம் ஒரே காரணத்தால்தான். பிளேடு மழுங்கியது தெரியாமல் நாம் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். மழுங்கிய பல் அறுக்காமல் உரசுகிறது, உரசல் சூடாகிறது, மரம் கருகுகிறது, பிளேடு பின்னால் வளைந்து கடைசியில் உடைகிறது. அரை மணி நேரம் அறுத்ததும் மழுங்கிவிட்டால் அது அந்த பிளேடின் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். அதனால்தான் டஜன் கணக்கில் விற்கிறார்கள். வேலை பாதியில் இருந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பலகையின் மேல் பார்சல் ஒட்டும் அகலமான டேப்பை ஒட்டி, அதன் மேல் டிசைன் தாளை ஒட்டி அறுத்தால் கருகல் நன்றாகக் குறையும். தளர்வாகப் பூட்டினாலும் பிளேடு தடம் மாறும், உடையும். மாட்டியபின் சுவிட்சை அணைத்த நிலையில் விரலால் சுண்டுங்கள், 'டிங்' என்று மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது.

எந்த எண் பிளேடு மாட்டியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 3, முக்கால் அங்குலப் பலகைக்கு 5 அல்லது 7 வாங்குங்கள். கீழ்ப்பக்கம் சிராய் சிராயாகப் பெயர்கிறது என்றால், அடியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் ரகம் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம். விலை குறைந்த இயந்திரங்களோடு வருவது பெரும்பாலும் இரண்டு முனையிலும் குறுக்கு ஊசி உள்ள பிளேடு. பலகையின் ஓரத்தைத் தொடாமல் நடுவில் மட்டும் வெட்டி எடுக்கும்போது அதை நுழைக்கப் பெரிய துளை போட வேண்டியிருக்கும், அதனால் சன்னமான உள்வெட்டு வேலை ஓடாது. ஊசியில்லாத பிளேடைப் பிடிக்கும் கிளாம்ப் உங்கள் இயந்திரத்துக்குத் தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

மயில் கழுத்து விஷயம். வளைவு இறுகும் இடத்தில் தள்ளிக்கொண்டே திருப்பினால் பிளேடு முறுக்கிக்கொள்ளும். தள்ளுவதைச் சுத்தமாக நிறுத்திவிட்டு, பிளேடு ஓடிக்கொண்டிருக்க, அதன் முதுகு ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தின் சுவரில் லேசாகச் சாய்ந்திருக்கும்படி வைத்துப் பலகையை மட்டும் திருப்புங்கள். திரும்பி முடித்தபின் மறுபடி தள்ளுங்கள். இடது கை திருப்ப, வலது கை தள்ள என்று பிரித்துக்கொண்டால் சீக்கிரம் பிடிபடும்.

இயந்திரத்தைத் தடிமனான ரப்பர் பாயின் மேல் கனமான பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கீழ் வீட்டுக்கு இறங்குவது பெரும்பாலும் தரை வழியாகப் போகும் அதிர்வுதான்.

மரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் யாரைக் கேட்டாலும் தேக்குதான் உயர்ந்தது என்பார்கள். கதவுக்குச் சரி. தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிளேடு பல்லை அது சீக்கிரம் தின்றுவிடும். பழகும் காலத்துக்குக் குமிழ், ரப்பர் மரம், சில்வர் ஓக் எல்லாம் நல்லவை. மர டிப்போவில் துண்டுகளை எடைக்குக்கூடப் போடுவார்கள். வண்ணம் அடிக்க அவசரப்படாதீர்கள். மதுரையிலிருந்து மைசூருக்கு இரவு ரயில் இருக்கிறது, ஒருமுறை போய் அங்கே மரப்பதிப்பு வேலை நடக்கும் பட்டறைகளைப் பாருங்கள். ஈட்டி மரத்தின் கருமை, பலாவின் மஞ்சள் என்று மரங்களின் சொந்த நிறத்தை வைத்தே யானையும் மரமும் தேரும் எழும்பும். அந்தச் சின்னச் சின்னத் துண்டுகளை வடிவத்துக்கு அறுப்பது நம் இயந்திரத்தில் இருப்பது போன்ற மெல்லிய ரம்பம்தான். மைசூர் அரண்மனையின் அம்பா விலாசம் என்ற மண்டபத்தில் தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவு ஒன்று இருக்கிறது. கூட்டத்தோடு நகர்ந்துவிடாமல் அதன் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்.

மயிலைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். முதலில் தமிழ்நாட்டு மாவட்ட வரைபடத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டி, எல்லைக் கோடுகளில் அறுத்து ஒரு புதிர்ப்படம் செய்யுங்கள். ஏன் என்றால், புதிர்ப்படத்தில் தடம் மாறினாலும் தவறே கிடையாது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் போகும் வெட்டு ஒன்றுதான். அது கோட்டை விட்டு விலகினாலும் இரண்டு துண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். 38 மாவட்டத்தையும் பிரித்து முடிப்பதற்குள் எல்லா வகை வளைவும் கைக்கு வந்துவிடும். சென்னை மட்டும் நகத்தளவுதான் வரும். சிறுபிள்ளைகள் கையில் கொடுப்பதாக இருந்தால் அதைச் செங்கல்பட்டோடு சேர்த்தே விட்டுவிடுங்கள், வாயில் போட்டுக்கொள்வார்கள்.

புதிர்ப்படம் பிறந்ததே இப்படித்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குக் கலைஞர், வரைபடத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளில் அறுத்து, பிள்ளைகள் பூகோளம் படிப்பதற்காக விற்றார். நூறு வருடம் கழித்து, 1870கள், 80களில், அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் பார்ன்ஸ் நிறுவனம் தையல் மெஷினைப் போலக் காலால் மிதித்து ஓட்டும் ஸ்க்ரோல் சாக்களைச் செய்து விற்றது. மின்சாரம் வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து ஆசைக்கு அறுத்தவர்கள் இருந்தார்கள்.

வரைபடம் கைவந்தபின் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்கு இந்த வேலையிலேயே அதிகம் பிடித்தது அதுதான். ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டை ஒன்றை எடுத்து, சதுரங்கக் குதிரையின் முன்தோற்றத்தை ஒரு முகத்திலும், பக்கத் தோற்றத்தை அடுத்த முகத்திலும் ஒட்டுங்கள். முதல் முகத்தை முழுக்க அறுத்துவிட்டு, விழும் கழிவுகளை எறியாமல் திரும்ப அதே இடத்தில் பொருத்தி, சுற்றிலும் டேப் ஒட்டி மறுபடி கட்டையாக்குங்கள். பிறகு கட்டையை ஒரு கால் சுற்றுத் திருப்பி, இரண்டாவது முகத்தை அறுங்கள். முடியும்வரை உங்கள் கையில் இருப்பது டேப் சுற்றிய ஒரு கட்டைதான், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் தெரியாது. டேப்பைப் பிரித்து நாலு பக்கத்துக் கழிவையும் விலக்கினால் நடுவில் குதிரை நிற்கும், பிடரியும் மூக்கும் எல்லாப் பக்கமும் உருண்டு திரண்டு. லேசர் கடையில் இதற்கு வழியே கிடையாது.

இதற்கு மேசை பிளேடுக்குச் சரியான செங்குத்தில் இருக்க வேண்டும். சோதிக்கச் சதுரமட்டம்கூட வேண்டாம். தடித்த கட்டையின் ஓரத்தில் ஒரு கீறல் ஆழத்துக்கு வெட்டி, நிறுத்தி, கட்டையைப் புரட்டாமல் மேசை மேலேயே அரைச் சுற்றுத் திருப்பி பிளேடுக்குப் பின்பக்கம் கொண்டுபோய் அதே கீறலில் பிளேடின் முதுகை நுழையுங்கள். தடையில்லாமல் நுழைந்தால் மேசை சரி. இடித்தால் கொஞ்சம் சாய்த்துத் திருத்துங்கள்.

கடைசியாகத் தூசி. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த ரம்பம் விடும் தூள் மாவைவிடச் சன்னம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஈட்டி மரத் தூள் பலருக்கு ஒவ்வாமை தரும். பால்கனி திறந்துதானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சுவிட்சைப் போடும் முன் என்95 முகக்கவசம், முடித்தபின் துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணி.

மாவட்ட வரைபடத்தை அறுத்து முடித்ததும் எழுதுங்கள். எந்த எண் பிளேடு, பலகை எந்தப் பக்கம் கோணலாக நின்றது, இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒரு துண்டின் வெட்டு முகத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினால், பல் விட்ட தடத்தைப் பார்த்தே அழுத்தம் கூடுதலா என்று சொல்லிவிடுவேன்.

அன்புடன்.