ஒத்து ஊதுவது யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

மெல்போர்னில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். மகன் எட்டாம் வகுப்பு. காரில் ஏறினால் பேக்கர் பாய் பாட்டுத்தான். வடக்கே ஆர்னம் லாண்டின் யோல்ஙு பூர்வகுடி, சொந்த மொழியிலேயே ராப் பாடுகிறவர். கேட்டுக் கேட்டு எனக்கும் பிடித்துப்போயிற்று. போன வாரம் அவருடைய ‘கேலா’ தொகுப்பில் யார் யார் வேலை செய்தார்கள் என்று தேடினேன். பிப் நார்மன் என்று ஒரு பெயர். எங்கள் ஊர் ஹிப்ஹாப் ஆள்தான், யோல்ஙு இல்லை. சப்பென்று ஆகிவிட்டது. வாய் ஒருத்தருடையது, தாளமும் மெருகும் வேறு ஒருத்தருடையது என்றால் அது யாருடைய பாட்டு? நான் கேட்பது அசலா, இல்லை வெள்ளைக்காரக் காதுக்குத் தோதாகச் சமைத்ததா?

க.

அன்புள்ள தம்பி க.,

முதலில் ஒரு சின்ன சந்தோஷம். ‘யோல்ஙு’ என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆத்திசூடியைத் தாண்டினால், ‘ங்’ தவிர நம் ‘ங’ வரிசைக்கு வேலையே கிடையாது. இந்த மக்களின் பெயரை எழுத ஆங்கிலத்தில் தனி எழுத்துத் தேட வேண்டியிருக்கிறது, நம்மிடம் ‘ஙு’ சும்மாவே கிடக்கிறது.

நமக்குத் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். ஹிப்ஹாப்பில் புரொட்யூசர் என்பவர் பீட் கட்டுகிறவர், எந்த வரி நிற்கும் எது போகும் என்று வெட்டி ஒட்டுகிறவர். அந்தக் கத்தரியால்தான் உங்கள் கேள்விக்கு அர்த்தம் வருகிறது.

1991-க்குப் போவோம். யோத்து யிண்டி என்ற இசைக்குழு. அதன் யோல்ஙு பாடகர் மண்டவுய் யுனுபிங்கு, யிர்க்கலா ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். 1988-ல் பிரதமர் பாப் ஹாக், பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் போடுவோம் என்று பரூங்கா என்ற ஊரில் வாக்குக் கொடுத்தார். ஒப்பந்தம் வரவில்லை, ‘ட்ரீட்டி’ என்ற பாட்டு வந்தது. அதையும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஃபில்தி லூக்கர் என்ற பெயரில் மெல்போர்ன் நடனக்கூடப் புரொட்யூசர்கள் மூன்று பேர் அதை எடுத்து மறுகலவை (ரீமிக்ஸ்) செய்தார்கள். குழு சம்மதித்தது, ஆனால் வேலை நடக்கும்போது கூட இல்லை. அந்த வடிவம் ஆஸ்திரேலியப் பட்டியலில் 11-வது இடம்வரை ஏறியது.

இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். மறுகலவையில் ஆங்கில வரிகளில் பெரும்பகுதி காணோம். வாக்குறுதி, அரசியல்வாதி, நிலம் எல்லாம் அந்த வரிகளில்தான் இருந்தன. மிஞ்சியது யோல்ஙு மொழிப் பகுதியும் தாளமும். ஒப்பந்தம் கேட்ட பாட்டில் கேள்வியை வெட்டிவிட்டு ஆட்டத்தை வைத்துக்கொண்டார்கள் என்று எனக்கு வெகுநாள் கோபம். இன்றைக்கு அவ்வளவு கோபமில்லை. வெட்டியவர்களுக்குப் புரியாத மொழிதான் கடைசியில் ஒரு தேசத்தின் நடனக்கூடங்களில் எல்லாம் ஒலித்தது. அதுவரை எந்தப் பூர்வகுடி மொழிக்கும் அங்கே அப்படி வாய்த்ததில்லை. போனதற்கு வந்தது ஈடா? என்னால் கணக்குப் போட முடியவில்லை.

ஒன்று கவனியுங்கள். அந்த யோல்ஙு பகுதி ‘ஜட்பங்காரி’ வகை, இளவட்டங்கள் ஜாலிக்காகப் பாடியது. ‘மணிகாய்’ என்று இன்னொன்று உண்டு. அது குலத்துக்குச் சொந்தமான சடங்குப் பாட்டு, நிலத்தோடு கட்டுப்பட்டது. அதை எடுத்து லூப் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டுமென்றால் அந்தக் குலத்துப் பெரியவர்கள் தலையாட்ட வேண்டும். எந்தப் பாட்டைத் தொடலாம் என்ற அறிவு புரொட்யூசரின் மென்பொருளில் கிடையாது. பாடுகிறவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

இப்போது உங்கள் பேக்கர் பாய். அவர் யிடாக்கியும் வாசிப்பார். நாம் டிஜரிடூ என்று கேள்விப்பட்டிருக்கும் அந்த நீளக் குழல்தான். கரையான் உள்ளே தின்று கோறையாக்கிய மரம். அதன் நீளமும் உட்துளையும் எவ்வளவோ அதுதான் சுருதி, திருகி ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. மூச்சை விடாமல் சுழற்றி ஊத வேண்டும், நம் நாதஸ்வரக் கச்சேரியில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு ஒத்து ஊதுகிறவர் மாதிரி. நம்மிடம் ‘ஒத்து ஊதுகிறான்’ என்றால் ஆமாம் போடுகிறான் என்று கேலி. அங்கே தலைகீழ். அந்த மரத்தின் சுருதி மாறாதே. ஒன்று, புரொட்யூசர் தன் பேஸையும் கீபோர்டையும் அதற்கு இணங்க வைக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு செய்த யிடாக்கியைக் கம்ப்யூட்டரில் இழுத்து வளைக்க வேண்டும், அப்போது அந்த உறுமல் நசுங்கிப்போகும். ஆக, யார் யாருக்கு ஒத்து ஊதினார்கள் என்று காதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம், அட்டையில் பெயர் தேட வேண்டாம். ‘கேலா’ என்பது யோல்ஙு உறவுமுறையில் அவருக்குள்ள பெயர். அந்தப் பெயரில் வந்த தொகுப்புதான் 2022-ல் அந்த நாட்டின் ஆரியா இசை விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம். அதைக் கேட்டால் எனக்குச் சமைத்துக் கொடுத்தது போலத் தோன்றவில்லை.

கத்தரியே பூர்வகுடிகள் கையில் இருந்தால் என்ன ஆகும்? அதற்கு ஏ.பி. ஒரிஜினல் என்ற ராப் ஜோடி இருக்கிறது. ஷெப்பர்டனைச் சேர்ந்த யோர்ட்டா யோர்ட்டா இனத்து பிரிக்ஸ், ஙாரிண்ட்ஜெரி இனத்து ட்ரயல்ஸ். பீட் கட்டுகிறவர் ட்ரயல்ஸ், அவரே ராப்பும் செய்வார். 2016-ல் தொகுப்புக்கு ‘ரீக்ளெய்ம் ஆஸ்திரேலியா’ (ஆஸ்திரேலியாவை மீட்போம்) என்று பெயர் வைத்தார்கள். அது அங்கே ஒரு வலதுசாரிக் கும்பலின் பெயர், அப்படியே லபக்கென்று பிடுங்கிக்கொண்டார்கள். அதில் ‘ஜனவரி 26’ என்று ஒரு பாட்டு, பாடகர் டான் சுல்தானோடு சேர்ந்து பாடியது. 1788-ல் வெள்ளையர் கப்பல்கள் சிட்னியில் இறங்கிய நாளை ஏன் கொண்டாடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கிற பாட்டு. வரிகள் அத்தனையும் வசவு. ட்ரயல்ஸின் பீட்டோ கல்யாண வீட்டில் போடலாம், அப்படித் துள்ளும். 1991-ல் ஆடவைக்க வரிகளை எடுக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்காமல் ஆடவைத்துவிட்டார். ட்ரிபிள் ஜே வானொலியின் நேயர் வாக்கெடுப்பில் அது 16-வது இடம். அந்தப் பட்டியலை ஒலிபரப்பிய நாள் எது தெரியுமா? 2017, ஜனவரி 26. மறுவருஷம் முதல் வானொலி அந்த ஒலிபரப்பை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டது.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ‘ட்ரீட்டி’யின் இரண்டு வடிவங்களையும் போட்டு, எந்தெந்த வரி காணாமல்போயிற்று என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். ‘ஜனவரி 26’-ஐ மட்டும் அவன் காரில் இல்லாதபோது கேளுங்கள். கெட்ட வார்த்தை ஜாஸ்தி.

அன்புடன்,
அக்கா