கோனன் ஓபிரையன் 7 மாதத்தில் டுநைட் ஷோவைப் பறிகொடுத்தவர்தானே? அவரை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

ஜனவரி 2010. சென்னையில் அமெரிக்க நேரத்துக்கு ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளையன்ட் பக்கத்து மேனேஜர் ஒருவர் அவருக்குக் காலையிலும் எனக்கு இரவிலுமாகத் தினமும் கூப்பிடுவார். முதலில் வானிலை, அப்புறம்தான் வேலை. அந்த மாதம் மட்டும் வானிலை போய், "நேற்று கோனன் என்ன சொன்னார் பார்த்தாயா?" என்று ஆரம்பித்தார். நான் சும்மா சிரித்து வைப்பேன். அமெரிக்க டிவியில் ராத்திரி நகைச்சுவைப் பேட்டி நிகழ்ச்சி நடத்தும் இந்தக் கோனன் யாரென்றே எனக்குத் தெரியாது. நாலைந்து நாள் இப்படிச் சிரித்ததில் எனக்கே வெட்கமாகி, ஒரு காலை வீட்டுக்கு வந்ததும் யூடியூபில் தேடினேன். அன்றைக்குத் தூக்கம் போச்சு.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: ஆமாம், பறிகொடுத்தவர்தான். ஆனால் எல்லோரும் கதையை அந்த 2010 சண்டையிலிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கு என்னவோ 1993-ல் நடந்ததுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது. அதிலிருந்து வருகிறேன்.

ஆள் 1963-ல் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் பிறந்தவர். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். அப்பா தொற்றுநோய்களை ஆராய்ந்த மருத்துவர், அம்மா வழக்கறிஞர். பையன் ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் படித்தார். ஆனால் அவருடைய நிஜமான கல்லூரி, 'ஹார்வர்டு லாம்பூன்' என்ற மாணவர் நகைச்சுவைப் பத்திரிகைதான். அதற்கு இரண்டு முறை தலைவர். 1985-ல் பட்டம் வாங்கியதும் லாஸ் ஏஞ்சலஸ் போய்த் தொலைக்காட்சிக்கு எழுத ஆரம்பித்தார். 1988-ல் சாட்டர்டே நைட் லைவ் என்ற நகைச்சுவை நிகழ்ச்சி, 1991-ல் சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடர். ஒரு வாய்ஜால வியாபாரி ஊர்ப் பணத்தைச் சுருட்ட மோனோரயில் கட்டித்தரும் சிம்ப்சன்ஸ் அத்தியாயத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இவர் எழுதியது. அதாவது 30 வயது வரை அவர் திரைக்குப் பின்னால் இருந்த எழுத்தாளர். ரசிகர்களுக்கு முகம் தெரியாது.

இப்போது அமெரிக்க ராத்திரி நிகழ்ச்சிகளின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராத்திரி 11:35-க்கு என்.பி.சி. சேனலில் டுநைட் ஷோ. ஜானி கார்சன் 1962 முதல் 1992 வரை 30 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். அதற்கு அடுத்த 12:30 மணி நிகழ்ச்சியை 1982-லிருந்து நடத்தியவர் டேவிட் லெட்டர்மேன். கார்சன் ஓய்வு பெற்றால் பட்டம் தனக்குத்தான் என்று லெட்டர்மேன் நினைத்திருந்தார். ஜே லெனோ என்ற இன்னொரு நகைச்சுவையாளருக்குக் கொடுத்துவிட்டார்கள். கோபித்துக்கொண்ட லெட்டர்மேன் 1993-ல் போட்டிச் சேனலான சி.பி.எஸ்.ஸுக்குப் போய் லெனோவுக்கு எதிர்க்கடை போட்டார். அவருடைய பழைய நாற்காலி காலி.

அதை நகைச்சுவையாளர் கேரி ஷாண்ட்லிங்குக்குக் கொடுக்கப் பார்த்தார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஆள் தேடும் பொறுப்பு சாட்டர்டே நைட் லைவின் தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸிடம் இருந்தது. அவர் தன்னிடம் முன்பு எழுதிக்கொண்டிருந்த இந்த ஒல்லிப்பிச்சான் எழுத்தாளரை ஏப்ரல் 1993-ல் ஒரு சோதனைக்கு உட்கார வைத்தார். எங்கே தெரியுமா? டுநைட் ஷோ மேடையிலேயே. 17 வருடம் கழித்து எந்தப் பெயருக்காக அவ்வளவு ரகளை நடந்ததோ, அதன் மேடையில்தான் அவருடைய முதல் பரீட்சை.

1993 செப்டம்பர் 13, முதல் நிகழ்ச்சி. ஆரம்பத்தில் ஒரு சின்ன நாடகம்: கோனன் சிரித்த முகத்தோடு வேலைக்குக் கிளம்புகிறார். எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் "லெட்டர்மேன் மாதிரி இருக்கணும், ஆமா" என்கிறார்கள். இவர் எல்லாவற்றுக்கும் உற்சாகமாகத் தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய், அதே உற்சாகத்தோடு தூக்குக் கயிற்றை மாட்டுகிறார். தன் நிலைமை என்னவென்று தெரிந்த ஆள் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அப்புறம் வந்த வாரங்கள் மோசம். பழைய பதிவுகள் கிடைத்தால் பாருங்கள்: கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, பேச்சில் ஒரே படபடப்பு. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் டிவி விமர்சகர் டாம் ஷேல்ஸ், வந்த இருட்டுக்கே இவர் திரும்பிப் போகட்டும் என்கிற தோரணையில் கிழித்தார். என்.பி.சி. 13 வாரம், 13 வாரமாகத்தான் ஒப்பந்தத்தை நீட்டியது. "அடுத்த மாசம் காலி பண்ண வேண்டியிருக்கும்" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கும் வாடகை வீட்டில் நாம் சுவரில் ஓர் ஆணியாவது அடிப்போமா?

இவர்கள் அடித்தார்கள். எப்படியும் தூக்கிவிடுவார்கள் என்று தெரிந்ததால் பயம் விட்டுப்போய்விட்டதோ என்னவோ. கிளின்டனின் புகைப்படத்தில் வாய் இருக்கும் இடத்தை வெட்டிவிட்டு, தலைமை எழுத்தாளர் ராபர்ட் ஸ்மைகல் தன் வாயை அங்கே வைத்துப் பேசுவார். கோனன் அந்தப் புகைப்படத்தோடு சீரியஸாகப் பேட்டி எடுப்பார். 2000-ம் ஆண்டில் என்ன நடக்கும் என்று ஆரூடம் சொல்லும் பகுதி ஒன்று. அதை 2000 முடிந்த பிறகும் அதே பெயரில் வருடக்கணக்காக நடத்தினார்கள். பிறகு வாயில் சுருட்டோடு எல்லோரையும் திட்டும் ட்ரையம்ப் என்ற நாய் பொம்மை. பக்கத்தில் ஆண்டி ரிக்டர், அசையாமல் உட்கார்ந்து ஒரே வரியில் கவிழ்க்கிற ஆள். கார்சன் பாணி நிகழ்ச்சிக்கு இதில் எதுவும் ஒட்டாது.

1994 தொடக்கத்தில் ஒரு நாள் விருந்தினராக வந்து உட்கார்ந்தார் லெட்டர்மேன். யாரோடு ஒப்பிட்டு இவரை அடித்துக்கொண்டிருந்தார்களோ அவரே! தினமும் இவ்வளவு புதுச் சரக்கைத் தருகிறீர்களே என்று கோனன் முகத்துக்கு நேரே பாராட்டினார். அந்தக் குழுவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1996-ல் அதே டாம் ஷேல்ஸ், தொலைக்காட்சி வரலாற்றின் வியப்பான மாற்றங்களில் இது ஒன்று என்று எழுதினார். எழுதியதை மாற்றி எழுதும் விமர்சகர்கள் குறைவு, அதற்காக அவருக்கும் ஒரு கும்பிடு.

அடுத்த பத்து வருடத்தை வேகமாகத் தாண்டுகிறேன். இரண்டே இரண்டு சம்பவம் மட்டும். தன் முகம் பின்லாந்து அதிபர் தார்யா ஹாலோனன் அம்மையார் சாயலில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவருடைய தேர்தலுக்கு அமெரிக்காவிலிருந்தே கேலி விளம்பரங்கள் செய்தார். ஜனவரி 2006-ல் அவர் ஜெயித்ததும், நேரில் போய்ப் பார்த்தும் வந்துவிட்டார். இன்னொன்று, 2007 நவம்பரில் தொடங்கிய எழுத்தாளர் வேலைநிறுத்தம். நிகழ்ச்சி நின்றபோது, எழுத்தாளர் அல்லாத ஊழியர்களின் சம்பளத்தைத் தன் கையிலிருந்து கொடுத்தார். ஜனவரியில் எழுத்தாளர்கள் இல்லாமலே நிகழ்ச்சி திரும்பியபோது, நேரத்தை ஓட்டக் கல்யாண மோதிரத்தைக் கழற்றி மேஜையில் பம்பரம் மாதிரிச் சுற்றவிட்டு, எத்தனை நொடி சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

சரி, 2010 சண்டை.

கோனன் வேறு சேனலுக்குப் போய்விடக் கூடாது என்று 2004-லேயே என்.பி.சி. வாக்குக் கொடுத்தது: 2009-ல் டுநைட் ஷோ உனக்கு. லெனோவும் பொதுவில் சரி என்றார். நாள் வந்தபோது லெனோவையும் விட மனசில்லை. ஜூன் 1, 2009-ல் கோனன் டுநைட் ஷோவில் உட்கார்ந்தார். செப்டம்பரில் லெனோவுக்குத் தினமும் ராத்திரி 10 மணிக்கு ஒரு நிகழ்ச்சி கொடுத்தார்கள். இங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் என்.பி.சி. நிகழ்ச்சிகளை வீடுகளுக்குக் கொண்டுபோவது ஊருக்கு ஊர் இருக்கும் உள்ளூர் நிலையங்கள். அவர்களுக்குக் காசு பார்க்கும் நேரம் 11 மணி உள்ளூர்ச் செய்தி. 10 மணிக்கு லெனோவை யாரும் பார்க்காவிட்டால் 11 மணிச் செய்திக்கு ஆள் இருக்காது, அதற்குப் பின்னால் வரும் கோனனுக்கும் இருக்காது. நிலையங்கள் கொதித்தன. என்.பி.சி. கண்டுபிடித்த தீர்வு: லெனோவுக்கு 11:35-ல் அரை மணி நேரம், டுநைட் ஷோ 12:05-க்கு.

ஜனவரி 12-ம் தேதி "பூமியில் வாழும் மக்களே" என்று தொடங்கி கோனன் ஓர் அறிக்கை விட்டார். நள்ளிரவு தாண்டி வருவது டுநைட் ஷோவே இல்லை, அந்தப் பெயரை அழிக்க நான் உடந்தையாக மாட்டேன், எனக்குப் பின்னால் வரும் ஜிம்மி ஃபாலனின் நிகழ்ச்சியும் தள்ளிப்போகும், அதுவும் நியாயமில்லை. சாரம் இவ்வளவுதான். என் கிளையன்ட் மேனேஜர் அன்று வேலையைப் பற்றிப் பேசவே இல்லை.

இணையத்தில் லெனோவை வில்லனாக்கிவிட்டார்கள். என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. கோனனின் டுநைட் ஷோ பார்வையாளர் எண்ணிக்கையில் லெட்டர்மேனிடம் தோற்றுக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. ஆனால் 1993-ல் வேறு வழியில்லாமல் மூன்று வருடம் பொறுத்த அதே சேனல், 2009-ல் 7 மாதம் பொறுக்கவில்லை. என் வருத்தம் அங்கேதான்.

கடைசி வாரத்தில் சேனல் காசைக் கரைக்கிறேன் பார் என்று, ஒரு புகாட்டி காருக்கு எலி வேஷம் போட்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டோடு மேடையில் இறக்கி, இதற்குச் செலவு 15 லட்சம் டாலர் என்றார். மக்கள் நம்பித் திட்டினார்கள். அது அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கிய கார். ஜனவரி 22-ம் தேதி கடைசி நிகழ்ச்சியில் ரசிகர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: இதற்காக யாரும் மனம் கசந்து போகாதீர்கள், நினைத்தது அப்படியே யாருக்கும் கிடைப்பதில்லை என்று. குரல் உடைந்தது. பிறகு கிட்டாரை எடுத்துக்கொண்டு நடிகர் வில் ஃபெரெல் கூட்டத்தோடு ஆட்டம் போட்டார். பிரிவு ஒப்பந்தத் தொகை சுமார் 4.5 கோடி டாலர். அதில் 1.2 கோடி டாலர் அளவுக்கு ஊழியர்களுக்குப் போனது. அவரை நம்பி நியூயார்க்கிலிருந்து குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலஸுக்குப் பெயர்ந்து வந்தவர்கள் அதில் நிறையப் பேர்.

செப்டம்பர் வரை தொலைக்காட்சியில் புது நிகழ்ச்சி நடத்தக் கூடாது என்பது நிபந்தனை. அதையே பெயராக வைத்து, 'தொலைக்காட்சியில் சிரிக்க வைக்கச் சட்டப்படி தடை செய்யப்பட்டவரின் பயணம்' என்று தாடியோடு ஊர் ஊராக மேடை ஏறினார். நவம்பரில் டி.பி.எஸ். என்ற கேபிள் சேனலில் புது நிகழ்ச்சி. 2021 வரை அது ஓடியது. 2011-ல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில், கார்சன் தனக்கு முந்தைய நகைச்சுவையாளர் ஜாக் பென்னியாக ஆசைப்பட்டார், லெட்டர்மேன் கார்சனாக ஆசைப்பட்டார், எங்கள் தலைமுறை லெட்டர்மேனாக ஆசைப்பட்டது, யாருக்கும் வாய்க்கவில்லை, வாய்க்காததால்தான் ஒவ்வொருவரும் வேறு ஒரு ஆளாக ஆனார்கள் என்றார்.

அந்த டி.பி.எஸ். வருடங்களில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியது எனக்குச் சுமாராகத்தான் படுகிறது. வெளியே கிளம்பியபோதுதான் ஆள் பறக்கிறார். 2015-ல், அமெரிக்க கியூப உறவு லேசாகத் திறந்த சில வாரங்களில் ஹவானாவுக்குப் போனார். அடுத்து ஆர்மேனியா, தென்கொரியா, ஹைட்டி, கிரீன்லாந்து. ஆறடி நாலங்குல உயரம், ஆரஞ்சு நிறத்தில் அலையடிக்கும் முடி. எங்கே போனாலும் அந்த ஊர்க்காரர்களைக் கேலி செய்ய மாட்டார். பாஷை தெரியாத, ஆடத் தெரியாத, சாப்பிடத் தெரியாத கோமாளி தான்தான் என்று வைத்துக்கொள்வார். ஊர்க்காரர் இவரைப் பார்த்துச் சிரிப்பார், நாம் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துச் சிரிப்போம். வெளிநாட்டு டிவிக்காரர்கள் நம் பக்கத்து ஊர்களுக்குக் கேமராவோடு வரும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

2018-ல் பாட்காஸ்ட் ஆரம்பித்தார். 2022-ல் அவருடைய நிறுவனத்தை சிரியஸ் எக்ஸ்.எம். என்ற வானொலி நிறுவனம் வாங்கியபோது விலை சுமார் 15 கோடி டாலர் என்று செய்தி வந்தது. 2025 மார்ச்சில் ஆஸ்கர் விழாவைத் தொகுத்தார், அதே மாதம் அமெரிக்க நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் விருதும் கையில். 11:35 நாற்காலி இதில் எதற்கும் தேவைப்படவில்லை.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று அடுத்து கேட்பீர்கள். இத்தாலிப் பயணம். கூட வருவது ஜோர்டன் ஷ்லான்ஸ்கி என்ற தயாரிப்புக் குழு ஊழியர். காபியைப் பற்றியும் ஒயினைப் பற்றியும் முகத்தில் ஒரு தசைகூட அசையாமல் வகுப்பெடுப்பார், கோனன் எதிரில் சிரிப்பை அடக்க முடியாமல் செத்துக்கொண்டிருப்பார். அந்த ஆள் நடிகராகத்தான் இருக்க வேண்டும், நிஜத்தில் யாரும் இப்படி இருக்க முடியாது என்று என் மனைவி இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள். எங்கள் ஆபீஸில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், நம்பவில்லை.