புது பிக்கப்பின் சஸ்பென்ஷன் போல்ட்: கேள்வி பதில்

புது பிக்கப் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் வண்டிக்கு அடியில் இருக்கும் போல்ட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சார், தொழிற்சாலையில் அளவு பார்த்துத்தானே இறுக்குகிறார்கள்? புது வண்டியில் போல்ட் எப்படித் தளரும்?

அளவு பார்த்துத்தான் இறுக்குகிறார்கள். பெரும்பாலும் நட் சுழன்று தளர்வதில்லை, அதற்கு அடியில் இருப்பது அமுங்கிவிடுகிறது. ஒரு போல்ட்டை இறுக்கும்போது அது மிக மிகச் சிறிய அளவு நீள்கிறது. மறுபடி சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. அவற்றுக்கு நடுவே பெயின்ட் பூச்சு இருக்கும், உலோகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கும். வண்டி ஓடி, குலுங்கி, பாரம் ஏறி இறங்கும்போது இவை கொஞ்சம் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு போல்ட்டின் நீட்சி குறையும், பிடியும் குறையும். நட் இம்மிகூடத் திரும்பாமலே இது நடந்துவிடும்.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் உள்ள பிக்கப்பில் இது இன்னும் அதிகம். பல பட்டைகளை அடுக்கி, மேலே ஒரு தகடு, கீழே ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு), எல்லாவற்றையும் ‘U’ வடிவில் வளைந்த யூ போல்ட் போட்டுக் கட்டியிருப்பார்கள். அடுக்கு கூடக் கூட நசுங்கும் இடங்களும் கூடும். அதனால்தான் முதல் சில நூறு கிலோமீட்டரில் யூ போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லும் வண்டிகள் உண்டு. உங்கள் வண்டியின் கையேட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

எந்தெந்த போல்ட்டைப் பார்ப்பது? அடியில் குனிந்தால் நூறு போல்ட் தெரிகிறது, எதுவும் புரியவில்லை.

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நான் முதலில் பார்ப்பது யூ போல்ட்டைத்தான். அந்தப் பிடி குறைந்தால் ஆக்சில் அசைவதைத் தடுக்கும் சுமை முழுவதும் பட்டைகளின் நடுவே போகும் சென்டர் போல்ட்டின் மேல் விழும். அது அவ்வளவு சுமையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது வெட்டுப்பட்டால் ஆக்சில் முன்னே பின்னே நகரும். நேர்ச்சாலையிலேயே வண்டி ஒருக்களித்த மாதிரி ஓடும். இரண்டு பின்சக்கரங்களும் மட்கார்டின் நடுவில் ஒரே மாதிரி நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் நின்று பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து, பட்டையின் முன் முனை சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) சேரும் பெரிய போல்ட், பின் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பான ஷேக்கிளின் போல்ட்கள், ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் போல்ட்கள்.

முன்பக்கம் கவனம் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஸ்டீயரிங் அங்கே இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டும் சேஸிஸில் சேரும் இடங்கள், ஆர்மின் முனையில் உருண்டை வைத்த மூட்டான பால் ஜாயின்ட்டின் நட்கள், வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் முனை, இவற்றைப் பாருங்கள். பால் ஜாயின்ட்டில் காடி வெட்டிய நட் இருந்தால் ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் இரண்டு கால் ஊசி) முழுதாக நுழைந்து, கால்கள் மடங்கி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

டார்க் ரெஞ்ச் இல்லை அண்ணே. டார்ச் லைட்டும் போனும்தான் இருக்கிறது.

அது போதும் தம்பி, தொடங்குவதற்கு. (டார்க் ரெஞ்ச் என்பது, நாம் வைத்த அளவு முறுக்கு விசை வந்ததும் ‘கிளிக்’ என்று காட்டும் ஸ்பேனர்.) நட்டைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் தூள் ஒழுகிய தடம் இருக்கிறதா? அசையும் இரண்டு உலோகங்கள் உராய்ந்தால் அந்தத் தூள் வரும். வாஷர் ஓரத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று வளையம் தெரிகிறதா? அதுவும் அசைவின் அடையாளம். பல வண்டிகளில் தொழிற்சாலையிலேயே நட்டின் மேல் ஒரு கோடு போட்டு அனுப்புவார்கள். அந்தக் கோடு நட்டிலிருந்து பக்கத்து உலோகத்துக்கு நேராகத் தொடர்ந்தால் நட் திரும்பவில்லை. உடைந்து விலகி நின்றால் திரும்பியிருக்கிறது.

ஆனால் நான் மேலே சொன்ன நசுங்கலை இந்தக் கோடு காட்டாது. அதற்கு ரெஞ்ச் வேண்டும்.

எல்லா நட்டையும் போனில் படமெடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே கோணத்தில் மறுபடி எடுத்து ஒப்பிட்டால், நினைவை நம்ப வேண்டியிருக்காது.

டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டேன். போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி இறுக்க வேண்டுமா, அப்படியே வைத்துப் பார்க்கலாமா?

சோதிக்க மட்டும் என்றால் தளர்த்தாதீர்கள். கையேட்டில் அந்த போல்ட்டுக்குச் சொன்ன அளவை ரெஞ்சில் வையுங்கள். சரியான சாக்கெட்டை முழுதாக மாட்டி, இறுக்கும் பக்கம் நிதானமாக ஒரே இழுப்பாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நட் அசையாமல் ‘கிளிக்’ கேட்டால் நிறுத்துங்கள். இரண்டாவது கிளிக் கேட்க ஆசைப்படாதீர்கள், அது கூடுதலாக இறுக்குவதில் முடியும். கிளிக்குக்கு முன்னால் நட் நகர்ந்தால் அது தளர்ந்திருந்தது என்று பொருள். எவ்வளவு திரும்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பெயின்ட் மார்க்கரால் புதுக் கோடு போடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாள்பட்டு உட்கார்ந்த நட்டைப் புதிதாக நகர்த்த, சுழன்றுகொண்டிருக்கும் நட்டைவிட அதிக விசை வேண்டும். ஆகவே பிடி ஓரளவு குறைந்திருந்தாலும் ரெஞ்ச் கிளிக் கொடுத்துவிடலாம். மோசமாகத் தளர்ந்ததை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும், நுணுக்கமான குறைவைக் காட்டாது. சத்தம் தொடர்ந்து வருகிறது, ரெஞ்சோ எல்லாம் சரி என்கிறது என்றால் சத்தத்தை நம்புங்கள்.

அலகையும் கவனியுங்கள். 1 கிலோகிராம் மீட்டர் என்பது சுமார் 9.8 நியூட்டன் மீட்டர். 1 பவுண்டு அடி சுமார் 1.36 நியூட்டன் மீட்டர். இவற்றைக் குழப்பி ஒரு போல்ட்டை முறித்துவிடுவது மிக எளிது.

இன்னொன்று: சில போல்ட்களுக்கு ‘இவ்வளவு நியூட்டன் மீட்டர், அதன்பின் இத்தனை டிகிரி திருப்பு’ என்று கையேட்டில் இருக்கும். அவற்றை ரெஞ்ச் வைத்துச் சோதிக்கவே கூடாது. கோட்டைப் பார்ப்பதோடு சரி.

எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டால்? மரையில் எண்ணெய் விட்டால் நன்றாக இறங்குமே?

இரண்டுமே வேண்டாம். நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழ 10-இல் 9 பங்கு மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வுக்கே போய்விடுகிறது. மீதி 1 பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. எண்ணெய் விட்டால் உராய்வு குறையும், அதே அளவு டார்க்கில் போல்ட் மிக அதிகமாக நீளும். எல்லை தாண்டி நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது, அதன் பிடியை நம்ப முடியாது. கையேட்டில் எண்ணெய் விடச் சொல்லியிருந்தால் மட்டும் விடுங்கள். நட் கழலாமலிருக்க மரையில் தடவும் பசைக்கும் இதே பதில்தான்.

ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்கலாமா?

கூடாது. ஆர்ம் போல்ட்டும் ஷேக்கிள் போல்ட்டும் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை) வழியாகப் போகின்றன. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கிய துணி மாதிரி எப்போதும் திருகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை நான்கு சக்கரங்களிலும் இருக்கும்போதுதான் இறுதி இறுக்கம். பிக்கப்பில் தரையிலிருந்து உயரம் அதிகம் என்பதால் பல போல்ட்களைத் தூக்காமலே எட்டலாம்.

தூக்கியே ஆக வேண்டும் என்றால் சமதளம், சக்கரத்துக்குத் தடைக்கட்டை, சேஸிஸுக்கு உறுதியான ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். தயவுசெய்து.

முன்பக்க ஆர்ம் போல்ட் ஒன்றில் வாஷர் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கிறது, கோடுகளும் போட்டிருக்கிறது. தவறாக மாட்டிவிட்டார்களா?

இல்லை, அது கேம் போல்ட். அதைத் திருப்பித்தான் சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்வார்கள். அந்த வாஷர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படமெடுங்கள். அது நகர்ந்திருந்தால் இறுக்குவது மட்டும் போதாது, வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும், டயரின் ஓரம் மட்டும் தேய்வதும் இதனால் வரலாம்.

வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக் போட்டாலும் ஒரு முறை கேட்கிறது.

பிரேக் போடும்போதும் வண்டியை எடுக்கும்போதும் ஒரே ஒரு ‘டொக்’ என்றால் ஏதோ ஒன்று தன் இடத்திலிருந்து நகர்ந்து மோதுகிறது. யூ போல்ட், ஆர்ம் போல்ட் இரண்டையும் சந்தேகப்படுவேன். மேடுபள்ளத்தில் தொடர்ந்து கடகடவென்றால் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது ஷாக் அப்சார்பர் போல்ட். கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் பட்டை உரசலோ ரப்பரோதான், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். டொக் சத்தத்தோடு ஸ்டீயரிங்கிலும் ஆட்டம் தெரிந்தால் ஓட்டிப் பார்த்துச் சோதிக்காதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

வாரன்டி இருக்கும்போது நானே இறுக்கினால் பிரச்சினை வருமா? சர்வீஸ் சென்டரில் என்ன கேட்பது?

தளர்வைக் கண்டால் இறுக்குவதற்கு முன்பே படமும் காணொளியும் எடுத்து, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, அவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களே செய்யட்டும். ‘சஸ்பென்ஷன் செக் பண்ணுங்க’ என்று பொதுவாகச் சொன்னால் ஆட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ‘யூ போல்ட், ஷேக்கிள், மேல் கீழ் ஆர்ம், பால் ஜாயின்ட், எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்து, அளவை ஜாப் கார்டில் எழுதுங்கள்’ என்று சொல்லுங்கள். யூ போல்ட்டைக் கழற்ற நேர்ந்தால் பழையதை மறுபடி போடாமல் புதிது போடச் சொல்லுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டுக்கும் அதேதான்.

எவ்வளவு நாளைக்கு ஒரு முறை பார்ப்பது?

முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும். முதன்முறை முழுப் பாரம் ஏற்றி ஓட்டிய பிறகோ, கரடுமுரடான பாதையில் போய்வந்த பிறகோ, டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பாருங்கள்.

சக்கர நட்டும் இந்தக் கணக்கில் வருமா?

அது தனி. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். பஞ்சர் ஒட்டியதற்காகக் கழற்றினாலும் சரி.