லங்காவிக்குக் கிளம்புகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

நம்ம பாண்டி, கடலூர் பக்கத்து ட்ரையத்லான் கிளப் ஆட்கள் ஆறு பேர் மலேசியாவின் லங்காவி தீவில் நடக்கும் அயர்ன்மேன் போட்டிக்குப் போகிறார்கள் என்று போன இதழில் ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதி, போகிறவர்கள் எழுதியது. மீதி, அவர்கள் வீட்டிலிருந்து. நானும் ரெண்டு தடவை அங்கே போனவன். ஒரு தடவை முடித்தேன், ஒரு தடவை பாதியில் படுத்துவிட்டேன். அந்தத் தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

சார், என் கணவருக்கு 44 வயது. ஆறு மாதமாக விடியற்காலை மூன்றரைக்கு அலாரம் அடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆள் வீட்டிலேயே இருப்பதில்லை. கேட்டால் 'அயர்ன்மேன், உனக்குப் புரியாது' என்கிறார். அப்படி என்னதான் போட்டி அது? (வாசகி, கடலூர் முதுநகர்)

புரியாமல் என்னம்மா இருக்கிறது. முதலில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். பாண்டி கடற்கரைச் சாலை ஒன்றரை கிலோமீட்டர்தான், அதைப்போல இரண்டரை மடங்கு. கரையேறி ஈரம் காய்வதற்குள் 180 கிலோமீட்டர் சைக்கிள், அதாவது பாண்டியிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பி வருவதற்குக் கொஞ்சம் குறைவு. சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு 42.2 கிலோமீட்டர் ஓட்டம், உங்கள் ஊரிலிருந்து கிட்டத்தட்ட சிதம்பரம் வரைக்கும். எல்லாம் ஒரே நாளில், பொதுவாக 17 மணி நேரத்துக்குள். நீச்சலை மட்டும் 2 மணி 20 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

இதை ஆரம்பித்தது 1978-இல், ஹவாயில். நீச்சல்காரன் பெரியவனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா என்று ஒரு வாக்குவாதம். ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, அந்தத் தீவில் ஏற்கெனவே இருந்த மூன்று தூரங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்றார். 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள், முதலில் வந்தவருக்கே 11 மணி 46 நிமிடம் ஆனது. திண்ணைப் பேச்சில் பிறந்த விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பைத்தியக்காரத்தனமா என்றால், கொஞ்சம் ஆமாம். நாற்பதைத் தாண்டியவர் என்பதால் இதய டாக்டரிடம் ஒரு தடவை காட்டி டிரெட்மில் டெஸ்ட் எடுத்தாரா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அலாரத்தை நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நீச்சல் குளத்தில் 4 கிலோமீட்டர் நிற்காமல் நீந்துவேன். கடலில் இறங்கினால் 200 மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது. சில்வர் பீச்சில் தனியாக இறங்கிப் பழகலாமா? (வாசகர், தேவனாம்பட்டினம்)

தனியாக வேண்டவே வேண்டாம் தம்பி. கடற்கரையிலேயே குடியிருக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். அலை உடையும் வரிசையில் நடுவே ஒரு இடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரியும், வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். உள்ளே இழுக்கிற ஓட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரணும். மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும்போது, காலைக் காற்று கிளம்புவதற்கு முன்னால், நாலு பேராகப் போங்கள். இடுப்பில் ஆரஞ்சு மிதவை. தெரிந்த மீனவர் யாராவது ஃபைபர் போட்டில் கூட வந்தால் டீசல் காசைப் பார்க்காதீர்கள்.

மூச்சு முட்டுவதற்குக் காரணம் உடம்பு இல்லை, பயம். பயத்தில் தண்ணீருக்குள் மூச்சை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறோம், தலையைத் தூக்கியதும் உள்ளே இழுக்க இடம் இருப்பதில்லை. முதல் 100 மீட்டர் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகப் போங்கள், மூச்சைத் தண்ணீரில் குமிழியாக விட்டுக்கொண்டே. அப்புறம், குளத்துத் தரையில் இருக்கிற மாதிரி கடலில் கோடு கிடையாது. எட்டு பத்து வீச்சுக்கு ஒரு தடவை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி, வழி காட்டும் மிதவையைப் பார்க்காவிட்டால் 3.8 கிலோமீட்டர் நாலரையாகிவிடும். வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டால் மிதக்க வைக்குமே என்று கணக்குப் போடாதீர்கள். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் நம்மைப் போன்றவர்கள் அதைப் போட்டுக்கொண்டு தரவரிசையில் வர முடியாது. லங்காவிக் கடல் எப்போதும் அதைவிடச் சூடு. ஆனால் ஒரு நல்ல சேதி. காவலுக்கு நிற்கும் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், அது உங்களை முன்னால் நகர்த்தாத வரை தப்பில்லை. இது தெரிந்த பிறகுதான் எனக்கே பயம் பாதி போனது.

நான் சுத்த சைவம். போட்டி நடுவே சாப்பிடும் சர்க்கரை ஜெல் பாக்கெட்டை வாயில் வைத்தாலே குமட்டுகிறது. நம்மூர்ச் சாப்பாட்டை வைத்தே சமாளிக்க முடியுமா? (வாசகர், லாஸ்பேட்டை)

கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் ஒருத்தர்தான் கேட்டிருக்கிறீர்கள். மற்ற எல்லாரும் எந்தச் சக்கரம், எந்த ஷூ என்றே கேட்டிருக்கிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வருடம் கால் நன்றாகத்தான் இருந்தது. வெயிலுக்குப் பயந்து, வழியில் தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வெறும் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தேன், சாப்பிட மறந்துவிட்டோமே என்று சைக்கிளில் 110-ஆவது கிலோமீட்டரில் மூன்று ஜெல்லை ஒரே மூச்சில் பிதுக்கினேன். வயிறு பானை மாதிரி ஆனது. ஓட்டத்தில் 18 கிலோமீட்டர் இருக்கும், கை விரல் வீங்கி மோதிரத்தைத் திருப்பக்கூட முடியவில்லை, வாட்ச் வார் மணிக்கட்டில் பள்ளம் போட்டிருந்தது, எதிரே வந்த கிளப் நண்பர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு யாரோ என்று பார்த்தேனாம். மருத்துவக் கூடாரத்தில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு சோடியம் குறைந்துவிட்டது என்றார்கள். தண்ணீர் குறைந்து விழுந்தவன் இல்லை நான், தண்ணீர் கூடிப்போய் விழுந்தவன். வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, வெறும் தண்ணீரை ஊற்றினால் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். முற்றினால் மூளையே வீங்கும், உயிருக்கே ஆபத்து.

அடுத்த வருடம் சாப்பாட்டையும் ஒரு பயிற்சியாக எடுத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்புவது, அப்படி ரெண்டு நடை. கிளம்புமுன் எடை, வந்ததும் எடை. ஒரு கிலோ குறைந்தால், நான் குடித்ததற்கு மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. கறுப்பு ஜெர்சி காய்ந்ததும் முதுகில் வெள்ளையாகப் படம் வரைந்திருக்கும், என்னுடையது மற்றவர்களைவிட அதிகம், அப்போதுதான் நான் உப்பு அதிகம் இழக்கிற ஆள் என்று புரிந்தது. சாப்பாட்டுக் கணக்கு மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து, அதையும் சிறுகச் சிறுக இருபது நிமிடத்துக்கு ஒரு வாய். ஒரு ஜெல் 20, 25 கிராம். ஒரு வாழைப்பழமும் கிட்டத்தட்ட அதேதான்.

நம்மூர்ப் பொருளில் எனக்கு ஒத்து வந்தது, குட்டி உருளைக்கிழங்கை வேகவைத்து உப்புப் புரட்டி ஃபாயிலில் சுற்றியது, பேரீச்சம்பழம், அப்புறம் எலுமிச்சை பிழிந்த உப்பு சர்க்கரைத் தண்ணீர். கடலை மிட்டாய் தோற்றது. வெயிலில் வெல்லம் இளகிக் கையுறையோடு ஒட்டிக்கொண்டது, மூச்சு வாங்கும்போது கடலையை மெல்லவும் முடியவில்லை, போதாததற்கு எண்ணெய்ச் சத்து வேறு. கேழ்வரகுக் கூழை பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போன நண்பரைப் பற்றிச் சொல்லியே ஆகணும். பதினொரு மணிக்கு மூடியைத் திறந்தார், பொங்கி முகத்தில் அடித்தது, அன்றைக்கு முழுக்க அவர் பின்னால் யாரும் ஓட்டவில்லை. சைக்கிளில் உங்கள் சாப்பாடு, ஓட்டத்தில் அங்கே கொடுப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி மணி நேரங்களில் எதுவும் இறங்காதபோது கோலா ரெண்டு வாய் இறங்கும். வலி தாங்கவில்லை என்று ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரையை நடுவில் போடாதீர்கள், காய்ந்து கிடக்கும் சிறுநீரகத்துக்கு அது ஆகாது.

விமானத்தில் சைக்கிளை எப்படிக் கொண்டு போவது? (வாசகர், ரெட்டியார்பாளையம்)

பெட்டிதான் வாங்கணும் என்றில்லை, சைக்கிள் கடையில் கேட்டால் புது வண்டி வந்த அட்டைப்பெட்டி கிடைக்கும். பெடல், ஹேண்டில்பார், சக்கரம் கழற்றி, டயர் காற்றைக் குறைத்து, சட்டத்துக்கு ஃபோம் குழாய் சுற்றுங்கள். கியர் மாற்றுகிற பின்பக்க டீரெய்லரைக் கழற்றி உள்ளே மடக்கிக் கட்டாவிட்டால் அதைத் தாங்குகிற ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு வளைந்துவிடும். எனக்கு ஒரு விமானப் பயணத்தில் வளைந்தது, தீவு முழுக்கத் தேடியும் என் மாடலுக்குக் கிடைக்கவில்லை. ஒன்று கூடுதலாகக் கையில் வையுங்கள், விரல் நீளம்கூட இல்லை. டயருக்குக் காற்றடிக்கும் சின்னக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை அங்கே போய் வாங்குவது நிம்மதி. முக்கியமான இன்னொன்று, போகும்போதே இங்கே சுங்கத்தில் சைக்கிள் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது 'புதுசா வாங்கினீங்களா' என்று ஆரம்பிப்பார்கள்.

இவ்வளவு செலவு செய்து வெளிநாடு போய் ஓடணுமா? ஈ.சி.ஆர். இல்லையா? (வாசகர், பாகூர்)

ஈ.சி.ஆரில் 180 கிலோமீட்டர் போட்டியாக ஓட்டணும் என்றால் பஸ், லாரி, மாடு மூன்றையும் ஒரு நாள் நிறுத்தணும். அயர்ன்மேன் பெயரில் 2019-இல் கோவாவுக்கு வந்தது பாதித் தூரம், 113 கிலோமீட்டர். முதல் தடவைக்கு அதுவே தாராளம், நேரே லங்காவிக்குத் தாவுகிறவர்களிடம் நான் அதைத்தான் சொல்வேன். முழுத் தூரத்துக்கு லங்காவி ஏன் என்றால், பக்கம், அப்புறம் வெயில் நம்ம வெயில். குளிர் நாட்டுக்காரர்கள் உடம்பை அதற்குப் பழக்கவே பத்துப் பதினைந்து நாள் ஆகும், நாம் சித்திரையிலேயே பழகிவிட்டோம்.

எனக்கு 58. லேட்டா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018-இல் ஹவாயில் முடித்தபோது அவருக்கு 85. அமெரிக்கக் கன்னிகாஸ்திரீ மடோனா பூடர் 82 வயதில் கனடாவில் முடித்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு நீச்சலில் ஆரம்பியுங்கள் சார்.

அந்த ஆறு பேரில் என் அம்மாவும் ஒருத்தர், வயது 51. நானும் கூடப் போகிறேன். அங்கே நான் என்ன செய்யணும்? (வாசகி, முத்தியால்பேட்டை)

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பாசத்தில் பாட்டிலை மட்டும் நீட்டிவிடாதீர்கள். ஸ்டேஷனில் கொடுப்பதைத் தவிர வெளியாள் எதைக் கொடுத்தாலும் விதிமீறல். கூடவே ஓடுவதும் கூடாது, முடிவுக் கோட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினால் அவரையே நீக்கிவிடலாம். 'எத்தனையாவது இடம்' என்று கத்தாதீர்கள், 'உப்பு சாப்பிட்டீங்களா' என்று கத்துங்கள். இரவில் வெளியே வந்ததும் கேட்பது சாப்பாடாக இருக்காது, செருப்பாக இருக்கும். அவர் சைஸைவிட ஒன்று பெரிதாக, வார் இல்லாததாக எடுத்துப் போங்கள்.